எலும்பு ஒட்டிய பிறகு

என் நாத்தனார் பாதி ஆயுளை எலிகளோடு குடித்தனம் நடத்தியே கழித்தவள். ஆய்வுக்கூடத்தில் எலியின் காலை ஒடிப்பாள், முறிவில் தான் உருவாக்கிய பசையை வைப்பாள், எலும்பு ஒட்டிவிட்டால் எங்கள் வீட்டுக்கு வந்து பீற்றிக்கொள்வாள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது. ஆனால் விபத்தில் நொறுங்கிய என் கணவரின் கால் எலும்பு இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சேராமல், காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, நான் ஓடியது அவளிடம்தான்.

அனுமதிக்காக அவள் நாயாய் அலைந்தாள். பசை வைக்கப்பட்ட முதல் மனிதர் அவள் தம்பிதான். எலும்பு சேர்ந்தது. ஊன்றுகோலை மூலையில் போட்டுவிட்டு அவர் நடந்ததைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. நாத்தனாரை வாயாரப் புகழ்ந்தேன். உள்ளே கொஞ்சம் வயிறு எரிந்தது, அது வேறு விஷயம்.

ஒருநாள் அவர் காலைப் பிடித்துவிடும்போது ஆடுசதைக்குள் கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. சில நாளில் தொடையிலும் தட்டுப்பட்டது. அவருக்கு வலியே இல்லை. அதனாலேயே அன்றைக்கே அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

எக்ஸ்ரேயில், சதை இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று எலும்பு. நல்ல உறுதியான எலும்புதான் என்றார் டாக்டர், சுரத்தே இல்லாமல்.

"எலிங்களுக்கும் இப்படி ஆச்சாக்கா?" என்று கேட்டார் என் கணவர்.

"தெரியாதுடா" என்றாள் நாத்தனார். "எலும்பு ஒட்டினதும் கொன்னு, வெட்டிப் பாத்துருவோம். அதுக்கப்புறம் ஒண்ணைக்கூட உயிரோட வெச்சுப் பாக்கல."

அத்தனை படித்தவர்களில் ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை? அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. ஆனால் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

காலைத் தொடையோடு எடுத்துவிட்டால் எலும்பு வளர்வது அதோடு நின்றுவிடும் என்றார் டாக்டர். உயிர் இருந்தால் போதும் என்று நானும் சம்மதித்தேன். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். பாதிக்கு மேல் சட்டையில் வழிந்தது. வாயை நன்றாகத் திறந்து குடிக்கச் சொன்னேன்.

"இவ்வளவுதான் திறக்குது" என்றார், பற்கள் விலகாமலே. "காலையிலேருந்து இப்படித்தான்."

நாத்தனார் எழுந்து வந்து தம்பியின் தாடையை இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பார்த்தாள். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தாள்; ஆடுசதையில் தட்டுப்பட்ட அதே கல்.

"காலை விட்டுருங்க டாக்டர்" என்றாள்.