மூடி வைத்த எண்

காலை ஒன்பது மணிக்குத் திரையில் மூன்று என்று இருந்தது. ஒன்பதரைக்கு நாலு. பத்து மணிக்கு அது ஐந்தைத் தாண்டியபோது ஸ்பேனர் அக்காவுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து கதவுவரை போனாள், திரும்பி வந்தாள், தாகமே இல்லாமல் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்தாள். பாதியில் விட்டிருந்த ரத்த அழுத்தக் கருவியைத் திறந்து, எதைக் கழற்ற வந்தோம் என்பது மறந்துபோய், மறுபடி மூடினாள்.

அந்த எண் அவளுடைய தம்பி மகளுடையது. ஏழாம் மாதமே பிறந்து இன்றோடு ஒன்பது நாளான குழந்தை. இரண்டாம் மாடியில், குறைமாதக் குழந்தைகள் வார்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தது. அதன் எண் கீழே இந்தப் பழுது பார்க்கும் அறையில் மட்டும்தான் தெரியும். மேலே இருக்கும் டாக்டருக்கோ நர்ஸுக்கோ தெரியாது. தெரியக் கூடாது என்று எழுதிய தாளில் அவளும் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் எந்த எந்திரம் மக்கர் பண்ணினாலும் அவளுடைய மேசைக்குத்தான் வந்து சேரும். இருபத்திரண்டு வருஷமாக மேல்கோட்டுப் பையில் ஒரு ஸ்பேனர் துருத்திக்கொண்டே இருந்ததில் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வார்டின் தலைவரான பெரிய டாக்டர்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த வார்டிலிருந்து இதயத் துடிப்பு காட்டும் மானிட்டர் ஒன்று பழுது பார்க்க வந்தது. காரணமே இல்லாமல் கத்துகிறது என்று சீட்டு ஒட்டி அனுப்பியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தாள், எந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. அதில் பதிவாகியிருந்த துடிப்புக் கோட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் ஏதோ உறுத்தியது. நல்ல குழந்தையின் துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று கொஞ்சம் நீளம், அடுத்தது கொஞ்சம் குட்டை என்று அது பாட்டுக்கு விளையாடும். இந்தக் கோட்டில் விளையாட்டே இல்லை. அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி அத்தனை இடைவெளியும் ஒரே அளவு. இரண்டு நாள் கழித்து அந்தக் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமித் தொற்று என்று கேள்விப்பட்டாள். அதற்குப் பிறகு கண்ணில் படும் கோட்டையெல்லாம் பார்க்கத் தொடங்கினாள். நாலு தடவை அதே கதை நடந்தது. காய்ச்சல் வருவதற்கு முன்னால், தோல் நிறம் மாறுவதற்கு முன்னால், துடிப்பு விளையாட்டை நிறுத்திவிடுகிறது.

பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. நாலு போதாதும்மா, நாப்பது பாருங்க என்று பழைய பதிவுகளை அள்ளிக் கொடுத்தார். நாற்பதில் இருபத்தொன்பது பொருந்தி வந்தது. கணக்கில் புலியான ஒரு இளம் டாக்டரை அவளுடன் சேர்த்துவிட்டார். வார்டில் எல்லாருக்கும் அவர் சின்ன டாக்டர். இருவரும் ஒன்றரை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவியைச் செய்தார்கள். அது துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து, பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஒரு எண் சொல்லும். எண் ஏற ஏற ஆபத்து.

சொல்வது சரியா என்று சோதிக்க வேண்டுமே. அதற்குத்தான் மூடி வைக்கும் விதி. எண்ணை நர்ஸ் பார்த்தால் பயந்துபோய் ரத்தம் எடுப்பாள், டாக்டர் மருந்தை ஆரம்பிப்பார். அப்புறம் கருவி சொன்னது உண்மையா, நம் பயம் உண்மையா என்று எந்தக் காலத்திலும் தெரியாது. அதனால் நூறு குழந்தைகள் முடியும்வரை எண் கீழேயே இருக்கட்டும், வார்டு எப்போதும்போல் தன் வேலையைப் பார்க்கட்டும் என்று சின்ன டாக்டர் எழுதினார். அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது.

தம்பி மகள் வார்டுக்கு வந்த அன்றே அவள் சின்ன டாக்டரைத் தேடிப் போய், இது என் சொந்தம், இந்தக் குழந்தையின் எண்ணை நான் பார்ப்பது சரியில்லை என்று சொல்லியிருந்தாள். கருவியைக் கட்டி மேய்க்கத் தெரிந்தவள் நீங்கள் ஒருத்திதானே, வேறு யாரைப் பார்க்கச் சொல்வது என்று அவர் கேட்டார். அவளே பார்க்கத் தொடங்கினாள்.

பத்தரைக்கு எண் ஐந்தே முக்கால்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றான். வேலைக்குப் போகும் வழியில் மனைவிக்குத் துணிமணி கொடுக்க வந்தவன். அவள் திரைக்கு முன்னால் நகர்ந்து, முதுகால் அதை மறைத்துக்கொண்டாள். மேலே பாப்பாவைப் பார்த்தேன், நன்றாகத் தூங்குகிறாள், பால்கூட இரண்டு மில்லி கூட்டியிருக்கிறார்கள் என்று முகமெல்லாம் பல்லாகச் சொன்னான்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு, அக்கா?"

"ம். நீ கிளம்பு, நேரமாகுது பாரு" என்றாள்.

அவன் போனதும் திரைப் பக்கம் திரும்பினாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் இல்லை அவள். ஆனால் தம்பியிடம் சொன்ன இந்தப் பொய் அவளை விடவில்லை.

அவளைப் பிடுங்கித் தின்றது தம்பி மகளைப் பற்றிய பயம் மட்டுமென்றால் இவ்வளவு தவித்திருக்க மாட்டாள். பதினான்கு நாளைக்கு முன்னால் இதே திரையில் இன்னொரு குழந்தையின் எண் இப்படித்தான் ஏறியது. ஜன்னலோரப் பெட்டியில் இருக்கும் ஆண் குழந்தை. ஏழு வந்ததும் அவள் சின்ன டாக்டருக்குப் போன் போட்டாள். விதி விதிதான் அக்கா, பொறுங்கள், இறங்கிவிடும், குறித்து வையுங்கள் என்றார் அவர். குறித்து வைத்தாள். அப்புறம் கேன்டீனுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டாள். அதுதான் இப்போது நினைவில் முள்ளாகக் குத்தியது. குழந்தை கிருமித் தொற்றில் துவண்டு கிடப்பதை வார்டு கண்டுபிடித்தபோது மாலை ஐந்து மணி. அன்றே மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். இன்னும் எடுக்கவில்லை.

அதன் தாய் தினமும் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஸ்பேனர் அக்காவை பல்ப் மாற்றும் அம்மா என்று நினைத்துக்கொண்டு, ஒருநாள் மின்விசிறியைக் கொஞ்சம் மெதுவாக ஓட வைக்கச் சொன்னாள். இவள் வைத்துக் கொடுத்தாள். மகராசியா இருங்க என்றாள் அந்தத் தாய். அன்றைக்கு முழுவதும் இவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

பதினொரு மணிக்கு எண் ஆறரை.

சின்ன டாக்டருக்குப் போன் அடித்தாள், எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். பிறகு படியேறினாள். லிஃப்டுக்கு நிற்கப் பொறுமையில்லை. முதல் மாடியில் மூச்சு வாங்கியது. சின்ன டாக்டர் கருத்தரங்கு அறை வாசலில் கோப்புடன் நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. இரண்டு மணிவரை பொறுங்கள், இன்னும் சில அளவு பார்க்கலாம், ஒருவேளை இறங்கிவிடும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் குரலிலும் உறுதி இல்லை என்பது அவளுக்குக் கேட்டது.

"போன தடவையும் இறங்கும்னுதான் சொன்னீங்க."

"அக்கா, முப்பத்தோரு குழந்தைங்க ஆயிருக்கு. ஒண்ணைத் திறந்தா எல்லாம் போச்சு. அதுவும் உங்க தம்பி பொண்ணு. வெளியில என்ன பேசுவாங்க?"

"பேசட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த மாடிக்கு ஏறினாள்.

வார்டில் கை கழுவும்போது தண்ணீர் சட்டைக் கைவரை நனைத்தது. தம்பி மகள் ரோஜா நிறத்தில், வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இல்லை. மானிட்டரில் ஒரு குறையும் இல்லை. நாம்தான் பைத்தியமோ என்று ஒரு கணம் தோன்றியது. பக்கத்தில் நின்ற தலைமை நர்ஸ், பாப்பா இன்றைக்கு ரொம்பச் சமத்து, அழக்கூட இல்லை என்றாள். அழக்கூட இல்லை என்றால் துவள ஆரம்பித்துவிட்டாளோ என்று இவளுக்குப் பட்டது.

"சிஸ்டர், கீழ இந்தப் பிள்ளைக்கு ஆறரை காட்டுது. ஒன்பது மணியிலிருந்து ஏறிக்கிட்டே இருக்கு. நான் சொல்லக் கூடாது. சொல்லிட்டேன்."

தலைமை நர்ஸ் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போனை எடுத்து வார்டு டாக்டரைக் கூப்பிட்டாள். பத்து நிமிஷத்தில் ரத்தம் எடுத்தார்கள். பன்னிரண்டு அடிப்பதற்குள் முதல் ஊசி மருந்து ஏறியது. தம்பி மனைவி பதறிப்போய் ஓடிவந்து, என்ன அண்ணி, என்ன ஆச்சு என்று கையைப் பிடித்துக்கொண்டாள். முன்கூட்டியே பார்த்துவிட்டார்கள், நல்லதுக்குத்தான் என்று அவளைத் தேற்றி அனுப்பினாள்.

வெளியே வந்தபோது ஜன்னலோரக் குழந்தையின் தாய் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள்.

"அந்தப் பாப்பா நல்லாத்தானே இருந்துச்சு. எதைப் பாத்து ஊசி போடறாங்க?"

இவள் வாயைத் திறந்தாள். வேலை இருக்கிறது என்று மென்று விழுங்கிவிட்டுப் படியிறங்கினாள்.

இரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிருமி இருந்தது. மருந்து சரியான நேரத்தில் ஏறியதால் குழந்தை ஒருநாள் வாடிக் கிடந்துவிட்டுப் பிழைத்துக்கொண்டது. தம்பி கீழே ஓடிவந்து, கண் கலங்க அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். நீ இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்போம் என்றான். அவளுக்கு அந்த அறையை விட்டு எங்காவது ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. ஜன்னலோரக் குழந்தையைப் பற்றி அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் கை மெல்லத் தளர்ந்தது. அந்த அம்மா வார்டு வாசல்ல எங்க மாமியார்கூடத்தான் தினமும் பேசிக்கிட்டு இருக்காங்க என்று மட்டும் சொன்னான்.

அன்றே அவள் ஆய்வுக் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். விதியை மீறினேன், என் சொந்தத்துக்காக மீறினேன், அதற்குப் பதினான்கு நாள் முன்னால் இன்னொரு குழந்தைக்கு மீறாமல் இருந்தேன் என்று மூன்றே வரி. எழுதிய கை அதற்குமேல் ஓடவில்லை.

கூட்டம் மறுநாள் காலையிலேயே கூடியது. சின்ன டாக்டர் கோபமாக ஆரம்பித்தார். முப்பத்தோரு குழந்தைகளின் அளவும் வீண் என்றார். பாதியில் குரல் உடைந்தது. ஜன்னலோரக் குழந்தைக்கு ஏழு வந்தபோது பொறுக்கச் சொன்னது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லி உட்கார்ந்தார். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"விதி எழுதறப்ப நம்ம யாருக்கும் இந்தப் பெட்டிமேல நம்பிக்கை இல்லை. அதான், அது சொல்றது சரியா இருந்தா என்ன செய்யணும்னு எழுதவே இல்லை. தப்பு என்னுது. கையெழுத்து என்னுது."

எண் ஐந்தைத் தாண்டினால் உடனே வார்டுக்குச் சொல்ல வேண்டும், ஆய்வை ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எண்ணைப் பார்க்கும் வேலை இனி ஸ்பேனர் அக்காவுக்கு இல்லை, வெளியாள் ஒருவர் பார்ப்பார். அவள் கருவியைப் பராமரித்தால் போதும். அவள் தலையாட்டினாள். ஜன்னலோரக் குழந்தையின் தாயிடம் பெரிய டாக்டரே விஷயத்தைச் சொல்வதாக இருந்தது. தானும் கூட வர வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டாள்.

சின்ன அறை, நாலு நாற்காலி. பெரிய டாக்டர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அன்றைக்கே மருந்து ஏறியிருந்தால் குழாய் வைக்கும் நிலை வராமல் இருந்திருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் இருந்திருக்கலாம் என்றார். தாய் அவரைப் பார்க்கவேயில்லை. ஸ்பேனர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தம்பி பிள்ளைன்னா சொல்வீங்க. என் பிள்ளைன்னா சொல்ல மாட்டீங்க. அப்படித்தானே?"

விதி, கையெழுத்து, போன் என்று சொல்வதற்கு ஆயிரம் இருந்தது.

"ஆமாம்மா. அப்படித்தான் நடந்துச்சு."

தாய் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு அவள் கேட்டாள்:

"இப்ப என் பிள்ளைக்கு என்ன நம்பர் காட்டுது?"

பெரிய டாக்டர் போனில் கேட்டுச் சொன்னார். இரண்டரை. நல்லதா கெட்டதா என்று கேட்டாள். நல்லது என்றார். அதற்குப் பிறகு அவள் எழுந்து போய்விட்டாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆறு நாள் கழித்து ஜன்னலோரக் குழந்தையின் குழாயை எடுத்தார்கள். ஐந்து வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது காது சரியாகக் கேட்குமா என்பது சந்தேகம், மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும் என்று சீட்டில் எழுதியிருந்தது. கிளம்பும் நாளில் தாய் மாடியிலிருந்து இறங்கி, பழுது பார்க்கும் அறையைத் தேடிக்கொண்டு வந்தாள். துணியில் சுற்றிய குழந்தையை வாசலில் நின்றபடியே காட்டினாள். உள்ளே வரவில்லை.

"அடுத்து வர்ற பிள்ளைங்களுக்கு ஒழுங்காச் சொல்வீங்களா?"

"நான் பாக்க மாட்டேன்மா, வேற ஆள் பாக்கறாங்க. ஆனா அஞ்சைத் தாண்டுச்சுன்னா மேல சிஸ்டருக்கே மணி அடிக்கிற மாதிரி கம்பி இழுத்துக் கொடுத்துட்டேன். யாரும் மூடி வைக்க முடியாது."

வெளியே அந்தத் தாயின் கணவன் வண்டி வந்துவிட்டது என்று கூப்பிட்டான். குழந்தையின் தலைத் துணியைச் சரிசெய்து, தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். ஸ்பேனர் அக்கா வாசல்வரை வந்து, அவர்கள் வண்டியில் ஏறும்வரை பார்த்துவிட்டு உள்ளே திரும்பினாள்.