உஸ்தாதின் நிபந்தனை

ஐம்பத்திரண்டு வயதில் ஆதிகேசவனுக்கு வந்த குறை வெளியே சொல்லக்கூடியதல்ல. ராணுவக் கிடங்கில் மேஸ்திரியாக நாளெல்லாம் ஆட்களை அதட்டுகிறவர், வீட்டில் மனைவி காந்தா பக்கத்தில் வந்து படுத்தால் தூங்குவதுபோல் பாசாங்கு செய்தார். இரண்டு வருஷமாக இதே கதை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவரைக் குடைந்தது.

பிரேசர் டவுன் டாக்டர் கிளாரன்ஸிடம் மென்று விழுங்கிச் சொன்னார்.

"வயசானா ஆம்பளைக்கு ரத்தத்துல ஒரு ஹார்மோன் குறையும். டெஸ்டோஸ்டிரோன்னு பேரு. இந்த அம்பத்தெட்டாம் வருஷத்துல அதுக்கும் ஊசி வந்தாச்சு. ஆனா முதல்ல தொப்பையைக் கரைக்கணும். மூணு மாசம் எக்ஸர்சைஸ் பண்ணும், அப்புறம் பாக்கலாம்."

அவர் குடியிருந்த அல்சூரில் எக்ஸர்சைஸ் என்றால் கரடி மனைதான். குஸ்திக்காரர்கள் செம்மண்ணில் புரளும் கூடத்துக்குக் கன்னடத்தில் அப்படிப் பேர். அதை நடத்திய பெருமாள்சாமியை எல்லோரும் உஸ்தாத் என்பார்கள். ஆதிகேசவன் அனுமார் படத்துக்குச் சூடம் காட்டி, கோவணத்தை இறுக்கிக் கட்டி நின்றதும் உஸ்தாத் நிபந்தனையைச் சொன்னார்.

"நாப்பத்தெட்டு நாள் சம்சாரம் பக்கம் போகக் கூடாது. போனா எடுத்த பலமெல்லாம் வீண்."

எதற்காக வந்தாரோ அதற்கே பூட்டு. சாமி முன்னால் தலையாட்டியாகிவிட்டது, இனி என்ன செய்ய? அன்றே படுக்கையறைப் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக் கூடத்துக்கு வந்தார். காரணம் சொல்ல வெட்கம். "உள்ள புழுக்கமா இருக்கு" என்றார், பெங்களூரில், டிசம்பர் மாதத்தில்.

தண்டால், பஸ்கி, கர்லாக் கட்டை. முதல் வாரம் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. மாதம் திரும்புவதற்குள் தொப்பை வற்றியது. நடையில் துள்ளல் வந்தது. ஊசியே வேண்டாம் போலிருந்தது.

இதையெல்லாம் காந்தாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நாற்பத்தோராம் நாள் காலை காபியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"யாருக்காக இந்த உடம்பு?"

"என்ன கேக்கற நீ?"

"விடியறதுக்குள்ள கிளம்பிடறீங்க. பாயைத் தனியாப் போட்டுக்கறீங்க. வேற யாராவது இருந்தா சொல்லிடுங்க. தொம்மலூர்ல அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

வாசலில் பெட்டி தயாராக இருந்தது.  டாக்டர், ஹார்மோன், உஸ்தாத் எல்லாவற்றையும் ஆதிகேசவன் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.



"நீங்க தூங்கற மாதிரி நடிச்சது எனக்குத் தெரியும். அப்பக்கூட பக்கத்துல இருந்தீங்களே" என்றாள் காந்தா.

இன்னும் ஏழே நாள்தான் பாக்கி. ஆதிகேசவன் எழுந்து, கூடத்திலிருந்த பாயை உள்ளே கொண்டுபோய் அவள் பாய்க்குப் பக்கத்தில் வைத்தார்.

மறுநாள் தண்டால் எடுக்கும்போது உஸ்தாத் குனிந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"கெட்டுப்போச்சா?"

"இல்லீங்க உஸ்தாத். சரியாப் போச்சு" என்றார் ஆதிகேசவன்.