வெள்ளைக் கல்லில் மூன்று படிகள்

கட்டட வேலையாட்கள் அவளுக்கு வைத்த பெயர் நூலக்கா. சுவரோ தரையோ ஒரு நூல் பிசகினாலும் பிரித்துக் கட்டச் சொல்வாள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் காதுக்கு வந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அண்ணன் கட்டிய கண் மருத்துவமனைதான் அவள் தனியாக வரைந்த முதல் பெரிய கட்டடம். தங்கச்சி என்பதால் வேலை கிடைத்தது என்று சொந்தக்காரர்கள் வாய்விட்டே பேசினார்கள். அவர்கள் வாயை அடைக்கவே நடுக்கூடத்துக்காக மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாள். வாசலிலிருந்து கடைசிச் சுவர் வரை ஒரே வெள்ளைக் கல். மூன்று படி இறங்கினால் நோயாளிகள் காத்திருக்கும் இடம்; அந்தப் படிகளும் அதே கல், சுவரோரத் திண்டுகளும் அதே கல். கூரையில் நீளமாக ஒரு கண்ணாடித் திறப்பு. உள்ளே வருகிறவரின் பார்வை எங்கும் இடறாமல் வழுக்கிக்கொண்டு போகவேண்டும் என்பது அவள் ஆசை. அப்படியேதான் அமைந்தது. படமெடுக்க வந்தவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நின்றார்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பகல் பதினொன்றரை மணிக்கு, மேஸ்திரி வாளியும் கையுமாகக் கூடத்தைக் கடந்தார். அந்தப் படிகளைத் தன் கையால் பதித்தவர் அவர். முதல் படியில் வைக்கவேண்டிய காலைக் காற்றில் வைத்தார். வாளி உருண்டது. மனிதர் உட்கார்ந்த வாக்கில் மூன்று படியும் இறங்கிப் போனார்.

“ஒண்ணுமில்லக்கா. ஏதோ பராக்கு பாத்துட்டு வந்துட்டேன்,” என்றார் இடுப்பைத் தடவியபடி.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் பராக்குப் பார்த்து நடக்கிற ஆள் இல்லை அவர்.

அவர் நின்ற இடத்தில் போய் நின்றாள். உச்சியிலிருந்து நேராக இறங்கிய வெளிச்சத்தில் படிகளுக்கு நிழலே இல்லை. விளிம்பும் இறக்கமும் கரைந்து, கூடம் முழுக்க ஒரே வெள்ளையாகக் கிடந்தது. அவள் வந்து பார்த்ததெல்லாம் காலையிலும் மாலையிலும்தான்; அப்போது சாய்ந்த வெயில் படிக்குப் படி கோடு போட்டிருக்கும். இங்கே நடக்கப்போகிறவர்களோ கண் சரியாகத் தெரியாதவர்கள்.

அண்ணனின் அறைக்குப் போனாள்.

“அண்ணா, படி ஓரத்துல கருப்புக் கல்லு பட்டையா பதிக்கணும்.”

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “ஒரு கோடுகூட விழக் கூடாதுன்னு மேஸ்திரி உசுர எடுத்தது யாரு?”

“நான்தான்.”

“நல்லா இருக்குன்னு ஊரே சொல்லுது. ஒருத்தர் சறுக்கினதுக்குப் போய் அதுல கரியப் பூசுவாங்களா? ஒரு வாரமா நீ சரியா சாப்பிடல, தூங்கல. பயத்துல எல்லாமே தப்பாத் தெரியுது உனக்கு.”

அதுவும் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் அவளை வாட்டியது. நாலு நாளாக வாசல் கதவு கோணலாகத் தெரிந்து நாலு முறை அளந்து பார்த்திருக்கிறாள். ஒரு முறைகூடக் கோணல் இல்லை. இதுவும் அந்த மாதிரிதானோ?

அண்ணிதான் அங்கே நர்ஸுகளுக்கெல்லாம் தலைமை. பரிசோதனை அறையில் மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணி, கண் பாப்பா விரியறதுக்குச் சொட்டு மருந்து போடுவீங்களே, அத எனக்குப் போடுங்க.”

“ஏன், கண்ணுக்கு என்ன?”

“கண்ணுக்கு ஒண்ணுமில்ல. கட்டடத்துக்குத்தான். இங்க வர்றவங்க கண்ணோட அதப் பாக்கணும்.”

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணைச் சோதித்துவிட்டு மருந்தை விட்டார். அரைமணி நேரம் கழித்துக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கூடத்து வாசலில் நிறுத்தினார்.

வெளிச்சம் முகத்தில் அறைந்தது; மருந்து விட்ட கண் கூசி, எதிரே இருந்ததெல்லாம் கலங்கியது. வாசலிலிருந்து பதினேழாவது எட்டு வைக்கும்போது படி வரும்; அவள் போட்ட அளவுதான். எண்ணிக்கொண்டே நடந்தாள். பத்துக்கு மேல் எண்ணிக்கையில் நம்பிக்கை போய்விட்டது. பாதத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தாள். முதுகில் வேர்வை வழிந்தது. கடைசியில் தரையில் உட்கார்ந்து, கையால் துழாவ ஆரம்பித்தாள்.

அறையைவிட்டு வெளியே வந்த அண்ணன் அந்தக் கோலத்தைப் பார்த்தார். “என்னம்மா பண்ற?”

“படி எங்கண்ணா இருக்கு? வரைஞ்ச எனக்கே தெரியல.”

அவர் குனிந்து அவள் கையை எடுத்து விளிம்பில் வைத்தார். அவள் தேடியது அதற்கு ஒரு முழம் தள்ளி.

“மேஸ்திரியக் கூப்பிடு,” என்றார் அண்ணியிடம்.

மறுநாள் முழுக்கக் கல் அறுக்கும் இயந்திரம் கூவியது. ஒவ்வொரு கூவலுக்கும் அவளுக்குப் பல் கூசியது. சாயங்காலம் துடைத்துப் பார்த்தபோது மூன்று கருப்புக் கோடுகள் கூடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நின்றன. பார்வை அங்கே போய் இடறியது. அது இடறவேண்டும் என்றுதான் பதித்தது. இருந்தாலும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திறப்பன்று தூணோடு ஒட்டி நின்றாள். விருந்தாளி ஒருவர், கோடு இல்லாமல் இருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும் என்றார். அண்ணன், “இது எடுப்பா தெரியணும்னே போட்டதுங்க,” என்று சொல்லி நகர்ந்தார். உச்சி வெயிலில், ஒரு கண்ணில் கட்டுப் போட்ட பெண்மணி கணவரோடு வந்தார். முதல் கோட்டின் முன்னால் நின்றார். “படி இருக்கு, பாத்து வாங்க,” என்று கணவரிடம் சொல்லிவிட்டு, அவரே முதலில் இறங்கினார்.

அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள். விட்ட மூச்சு முடிவதற்குள் வேறொன்று நினைவுக்கு வந்தது. போன வருடம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு முன்வாசல் வரைந்து கொடுத்திருந்தாள். அங்கேயும் இரண்டு படி. தரையும் படியும் ஒரே சாம்பல் நிறம். வெளியே போய்த் தலைமையாசிரியைக்குப் போன் செய்தாள்.

“டீச்சர், அந்த வாசப் படியில யாராவது விழுந்தாங்களா?”



“ரெண்டு பிள்ளைங்க. நல்லவேளை, சிராய்ப்போட போச்சு. ஓடாதீங்கன்னு அவங்களத்தான் திட்டினோம்.”

“திட்டாதீங்க டீச்சர். நாளைக்குக் காலைல நான் மேஸ்திரியோட வரேன்,” என்றாள் நூலக்கா.