பதினைந்து நிமிடம் போதும்

தொலைபேசியில் அழைத்தவர் முதலில் திட்டிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

“புத்தகத்து அட்டையில பல்லைக் காட்டிட்டு நிக்கறது நீங்கதானே?”

“நான்தாங்க. என்ன ஆச்சு, சொல்லுங்க.”

“என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. நேத்து சாயங்காலத்திலேர்ந்து வாந்தி. பதினோரு தடவை. இப்ப ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏறிட்டு இருக்கு. நீங்க எழுதினதை வரி விடாம படிச்சுத்தான் சமைச்சேன். வரி விடாம!”

அவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவி வேலைப் பயிற்சிக்காக மூன்று மாதம் வெளியூர் போயிருந்தாள். அதுவரை தேநீர் போட மட்டுமே அவர் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார். பல் கிட்டிப்போகும் குளிரில் அப்பாவும் மகளும் இரண்டு வாரம் ரொட்டியையும் ஜாமையும் தின்று தள்ளினார்கள். “சூடா ஏதாவது செய்யேன்ப்பா” என்று மகள் கேட்ட அன்று கடைக்குப் போனார். கனத்த அடியும் இறுக்கமான மூடியும் கொண்ட பாத்திரம் ஒன்றை, அதோடு கொடுத்த புத்தகத்துக்காகவே வாங்கி வந்தார். ‘சமைக்கவே தெரியாதவர்களுக்குக் குளிர்காலச் சமையல்: ஒரே பாத்திரம், பன்னிரண்டு சாப்பாடு’ என்று அட்டையில் போட்டிருந்தது.

“எதைச் செஞ்சீங்க?”

“சிவப்பு பீன்ஸ். ஏழாம் பக்கம்.”

“முதல் நாளே ஊறப்போட்டீங்களா?”

“ஊறப்போடறதா? அப்படி ஒரு வார்த்தையே இல்லையே அதுல!”

புத்தகத்தை எழுதிய சமையலக்கா தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மேஜைக்கு அடியில் கிடந்த கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி ஏழாம் பக்கத்தைத் திறந்தாள். ‘சிவப்பு பீன்ஸ், உருளைக்கிழங்கு, தக்காளி, உப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள். பதினைந்து நிமிடம் சூடாக்குங்கள். அடுப்பை அணைத்து இரண்டு மணி நேரம் மூடி வையுங்கள். மீதியை நம் பாத்திரமே பார்த்துக்கொள்ளும்!’

அவள் எழுதிக் கொடுத்தது பதினெட்டு வரி. மிஞ்சியிருந்தது நாலு. கடைசி வரி அவளுடையதே இல்லை.

“சரியா வேகாத சிவப்பு பீன்ஸ்னு டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க. அதுதான் காரணம். நீங்க ஒரு தப்பும் பண்ணல.”

“அப்ப யாரு பண்ணினது?”

கேட்ட வேகத்திலேயே அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அவள் அந்தப் பாத்திரத் தொழிற்சாலையின் உணவுக்கூடத்தில் பதினாறு வருஷம் சமைத்தவள். முந்நூறு பேருக்குப் பொங்கிக் கொட்டியவள் என்பதால் எல்லோருக்கும் அவள் சமையலக்கா. போன கோடையில் முதலாளி கூப்பிட்டு, “பாத்திரத்தோட ஒரு புத்தகம் கொடுக்கப்போறோம்மா. சமைக்கத் தெரியாதவன்கூடப் படிச்சுட்டுச் செய்யணும். நீதான் எழுதணும்” என்றார். மாடியில் ஒரு சின்ன அறையும் ஒரு அடுப்பும் ஒரு தொலைபேசியும் கொடுத்தார்கள்.

எழுதுவது பெரிய காரியமாக இல்லை. தெரியாதவனுக்கு எழுதுவதுதான் பெரும்பாடாக இருந்தது. அதனால் கரண்டி பிடித்தறியாத ஆட்களாகத் தேடிப் பிடித்து, தாளைக் கையில் கொடுத்து, தான் வாயைத் திறக்காமல் மூலையில் நின்று பார்த்தாள். வாசல் காவலாளி, “வெங்காயம் வதங்கிடுச்சுன்னு எப்படிக்கா தெரியும், அதுவா சொல்லுமா?” என்று கேட்டார். அன்றே ‘வெங்காயத்தின் ஓரம் கண்ணாடி போல ஆகும் வரை’ என்று மாற்றி எழுதினாள். ‘கொஞ்சம் உப்பு’ என்பதைப் பார்த்துக் கணக்காளர் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். “எனக்கு இது கொஞ்சம்தான்” என்று வாதம் வேறு செய்தார். சரக்கு வண்டி ஓட்டுகிறவர் சிவப்பு பீன்ஸை ஊறவைத்த தண்ணீரோடேயே அடுப்பில் ஏற்றப் போனார். அவரைத் தடுத்து நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் மட்டும் சில வரிகள் சேர்த்தாள்: ஊறிய தண்ணீரைக் கீழே கொட்டுங்கள், புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள், பிறகு ஒரு மணி நேரம் வேகட்டும், நசுக்கினால் மாவாக வேண்டும், இல்லையென்றால் சாப்பிடாதீர்கள், வாந்தி வரும். இதன் கீழே சிவப்பு மையில் கோடும் போட்டாள்.

அந்தத் தாள்கள் அச்சுக்குப் போன வழி மாப்பிள்ளையின் மேஜை. முதலாளியின் மகளைக் கட்டியவன் என்பதால் தொழிற்சாலையே அவனை அப்படித்தான் அழைத்தது. விளம்பரம் அவன் பொறுப்பு. அச்சாகி வந்த அன்று அட்டையை மட்டும் அவளிடம் தூக்கிக் காட்டினான். தன் படத்தைப் பார்த்து அவளும் வெட்கப்பட்டுச் சிரித்தாளே தவிர உள்ளே பிரிக்கவில்லை. இப்போது அதை நினைக்க அவளுக்குத் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

“இந்த ஏழாம் பக்கத்தை யார் வெட்டினது?”

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்தபடி நிமிர்ந்தான். “அக்கா, உக்காருங்க. எதுக்கு இந்தப் பதட்டம்? நீங்க எழுதினது மருந்துச் சீட்டு மாதிரி நீளமா இருந்துச்சு. யார் படிப்பா? ‘பதினைந்து நிமிடம் போதும்’னு போட்டோம். சரக்கு பறக்குது.”

“ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில கெடக்கு.”

அவன் முகம் ஒரு கணம் மாறியது. உடனே சரிசெய்துகொண்டான். “பீன்ஸை ஊறப்போடணும்னு யாருக்குத் தெரியாது? அந்த ஆள் முட்டாளா இருந்தா நாம என்ன பண்றது?”

“தெரியாதவங்களுக்குன்னுதானே அட்டையில போட்டு வித்தீங்க! தெரிஞ்சவன் எதுக்கு உங்க புத்தகத்தைத் திறக்கப்போறான்?”

“குரலைக் குறைங்க. அடுத்த பதிப்புல ஒரு வரி சேத்துக்கலாம்.”

“கடைக்குப் போனது எத்தனை?”

“ஒன்பதாயிரம். அதையெல்லாம் திரும்ப எடுக்கச் சொல்றீங்களா? குளிர்காலம் முடிஞ்சா இந்தப் பாத்திரத்தை யார் வாங்குவா?” என்றபடி எழுந்து சன்னலை மூடினான். “நாளன்னைக்குக் கடைக்காரங்க கூட்டம். நீங்க காய்கறி சூப் வச்சுக் காட்டுங்க. அது போதும். முதலாளிக்கு ரத்த அழுத்தம், இதையெல்லாம் அவர் காதுல போட வேண்டாம்.”

அவள் அன்று மாலையே முதலாளியைப் பார்க்கப் போனாள். வெளியூர் போயிருக்கிறார், கூட்டத்தன்றுதான் வருவார் என்றார்கள். தையல்கடை வைத்திருக்கும் அவள் கணவர், “உன் வேலை போயிடும்டி. கொஞ்சம் பொறு” என்றார். “இன்னும் என்ன பொறுக்கறது? நான் எழுதாததுக்கு என் மூஞ்சி சாட்சி சொல்லுது” என்று அவள் கத்திய கத்தலில் அடுத்த வீட்டுக் கதவு திறந்து மூடியது. அந்த இரண்டு நாளில் கடை கடையாகத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஏழாம் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பாத்திரத்தை விற்கும்படி கெஞ்சினாள். “மேலிடத்துக் கடுதாசி வந்தா பாக்கலாம்மா” என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்.

கூட்டத்தன்று காலையில் கூடத்தில் இருபது கடைக்காரர்கள் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் முதலாளி, கழுத்தில் மப்ளர் சுற்றியபடி. மாப்பிள்ளை திரையில் படங்களைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்க, அவள் ஓரத்து மேஜையில் புத்தகத்தைப் பிரித்து வைத்து வேலையைத் தொடங்கினாள். சூப்புக்கான காய்கறிகளைத் தொடவில்லை. சிவப்பு பீன்ஸைக் கழுவிக் கொட்டினாள். நாலு வரியில் இருந்ததை மட்டும் செய்தாள். பதினைந்தாவது நிமிடம் அடுப்பை அணைத்தாள். மாப்பிள்ளைக்குத் தன் பேச்சில் இருந்த மயக்கத்தில் பாத்திரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. அவனும் இரண்டு மணி நேரம் பேசினான்.

மூடியைத் திறந்ததும் ஆவி எழும்பியது. தக்காளி வாசனை கூடம் முழுக்கப் பரவியது. “அடடா” என்றார் ஒரு கடைக்காரர்.

முதல் கிண்ணத்தை அவள் மாப்பிள்ளையிடம் நீட்டினாள். அவன் சிரித்தபடி வாங்கினான், உள்ளே பார்த்தான், சிரிப்பு உறைந்தது.

“ஏழாம் பக்கம்” என்றாள் அவள். “எழுத்து பிசகாம செஞ்சிருக்கேன். சாப்பிடுங்க.”

“எனக்கு… வயிறு கொஞ்சம் சரியில்ல.”

“காலையிலதானே ரெண்டு பன் சாப்பிட்டீங்க.”

விஷயம் புரியாத முதலாளி உற்சாகமாகக் கையசைத்தார். “ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுங்க மாப்பிள்ளை. எல்லாரும் பாக்கறாங்கல்ல!”

மாப்பிள்ளை கரண்டியைத் தொடவில்லை. கிண்ணத்தை மெல்ல மேஜையில் வைத்தான். அதற்குள் பசி பொறுக்காத ஒரு கடைக்காரர் தானே அள்ளி வாயருகே கொண்டுபோய்விட்டார். அவள் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பீன்ஸ் அவர் சட்டையில் கொட்டியது.

“சாப்பிடாதீங்க! இது சரியா வேகல. சாப்பிட்டா ரெண்டு மணி நேரத்துல வாந்தி எடுப்பீங்க. ஒரு ஒன்பது வயசுப் பொண்ணு எடுத்துட்டு ஆஸ்பத்திரியில படுத்திருக்கா.” அவள் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினாள். “முந்தாநேத்து ஊறப்போடறதைப் பத்தி நான் சொல்றதுக்கு முன்னாடியே உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? நான் சிவப்புக் கோடு போட்டு எழுதினதை நீங்க படிச்சிருக்கீங்க. படிச்சுட்டுத்தான் வெட்டியிருக்கீங்க. உங்க வாய்க்கு ஆகாதது ஊரான் பிள்ளை வாய்க்கு மட்டும் ஆகுமா?”

சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரர்தான் முதலில் எழுந்தார். “முதலாளி, என் கடையில முந்நூறு பாத்திரம் வித்திருக்கேன். வாங்கினதெல்லாம் தெரிஞ்ச முகம். நான் யார் வீட்டு வாசல்ல போய் நிக்கறது?”

கூட்டம் கலைந்த பிறகு முதலாளி அவளை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவருடைய கை மப்ளரின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது.

“என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமேம்மா. வீட்டு விஷயத்தை நடுத்தெருவுல போட்டு உடைச்சிட்டியே.”

“வந்தேன், நீங்க ஊர்ல இல்ல. கூட்டத்துக்கு முன்னாடி உங்க காதுல சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அடுத்த பதிப்புல ஒரு வரி சேத்திருப்பீங்க.”

“அவன் என் பொண்ணோட புருஷன். நான் என்ன செய்ய?”

“ஆஸ்பத்திரியில கெடக்கறதும் ஒருத்தரோட பொண்ணுதாங்க.”

அவர் தலை குனிந்துகொண்டார். அன்று பிற்பகலே எல்லாக் கடைகளுக்கும் கடிதம் போனது. புத்தகங்கள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. பேக்கிங் பெண்களோடு உட்கார்ந்து அவளும் கிடங்குப் பெட்டிகளைப் பிரித்துப் புத்தகத்தை எடுத்தாள். விற்றுப்போனவற்றுக்குப் பத்திரிகையில் ஒரு அறிவிப்பு வந்தது. அதில் ‘அச்சுப்பிழை’ என்று போட்டிருந்தார்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் பத்திரிகையைச் சுருட்டி அடுப்படிக் கூடைக்குள் எறிந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு இவர்களுக்கு ஒரே ஒரு சொல் போதுமாக இருந்தது.

மாப்பிள்ளையை விளம்பரத்திலிருந்து எடுத்தார்கள். கொள்முதல் பிரிவுக்கு மாற்றினார்கள், முன்னைவிடப் பெரிய அறை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் அவளைப் பார்க்காதது போலப் போனான். பதினெட்டு வரியும் திரும்ப அச்சேறின. இனித் தன் கையெழுத்து இல்லாமல் எதையும் அச்சுக்கு அனுப்பக்கூடாது என்று அவள் எழுதி வாங்கிக்கொண்டாள். அட்டையில் தன் படம் வேண்டாம் என்றாள். சம்மதித்தார்கள்.

லிஃப்ட் மெக்கானிக்கை அவள் தினமும் அழைத்தாள். நாலு நாள் அவர் எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் எடுத்தார்.

“பொண்ணு எப்படிங்க இருக்கா?”

“வீட்டுக்கு வந்துட்டா. ரொட்டி மட்டும் தின்றா. கரண்டியைக் கண்டாலே பயப்படறா.”

“என்னை மன்னிச்சிடுங்க.”

“அச்சுப்பிழைன்னு போட்டிருந்தாங்களே.”

“பிழை இல்லைங்க. தெரிஞ்சே வெட்டினாங்க. நானும் திறந்து பாக்காம விட்டேன்.”

இன்னொரு முறை திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது.

“உங்க பாத்திரத்தைப் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன்” என்றார் கடைசியில். “வீட்டுல பால் காய்ச்சற குண்டான்தான் இருக்கு.”

“அது போதும். துவரம்பருப்பு இருக்கா? உருளைக்கிழங்கு?”

“இருக்கு.”

“அடுப்புப் பக்கத்துல வந்து நில்லுங்க. நான் லைன்லயே இருக்கேன். பருப்பைக் கழுவித் தண்ணியில போட்டுக் கொதிக்க விடுங்க.”

கீழே வண்டியில் புதுப் பாத்திரங்களை ஏற்றும் சத்தம் கேட்டது. மறுமுனையில் குழாய் திறந்து மூடியது, தீக்குச்சி உரசியது. கொஞ்ச நேரம் கழித்து, “எவ்வளவு நேரம்?” என்று அவர் கேட்டார்.

“கடிகாரத்தைப் பாக்காதீங்க” என்றாள் அவள். “ஒரு பருப்பை எடுத்து விரலால நசுக்கிப் பாருங்க. நசுங்கலேன்னா என்கிட்ட சொல்லுங்க. நசுங்கற வரைக்கும் போனை வைக்க மாட்டேன்.”