கேப்டன் வோத்ரேயின் உயரம்

1916 மார்ச் 7, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, ஷாம்பேன் போர்முனையில் நான்காம் கம்பெனியின் தலைவரான கேப்டன் வோத்ரேயின் இரும்புத் தொப்பி, பதுங்குகுழியின் மண்மூட்டை வரிசைக்கு மேல் இரண்டு விரற்கடை தெரிந்தது. அவருக்கு வயது நாற்பத்தொன்று. இறந்த ஒவ்வொரு சிப்பாயின் வீட்டுக்கும் அவரே கைப்படக் கடிதம் எழுதினார். எழுதிய கடிதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோதுமைமணியின் கனம் வளர்ந்தார். பிப்ரவரித் தாக்குதலுக்குப்பின் எழுபத்து மூன்று கடிதங்கள். ஏறத்தாழ ஒரு சாண்.

எதிர்க்குழியில் குறிபார்த்துச் சுடுபவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு இரண்டு விரற்கடை தாராளம். வோத்ரே விழுந்தால் அவரிடத்துக்குக் கர்னலின் மருமகன் வருவான் என்பது எல்லோருக்கும் தெரியும். முள்வேலியைச் சீர்செய்யப் பட்டப்பகலில் ஆளனுப்பியவன் அவன். வோத்ரேயோ சிப்பாய்களோடு ஆறிய சூப்பைக் குடிப்பவர், ஏணியில் முதல் ஆளாய் ஏறுபவர். மூட்டைகளை உயர்த்தினால் பீரங்கி அந்த இடத்தையே குறிவைக்கும். ஆகவே, ஊரில் கிணறு வெட்டிக்கொண்டிருந்த கார்ப்பரல் ஆன்ஸெல்ம் குழியை ஆழப்படுத்தினான். இரண்டு விரற்கடை ஆழம் போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டு மண்ணை முகர்ந்தான்.

"ஏன் நிறுத்திட்டே கிணத்துக்காரா?" என்றான் ரொட்டிக்கடை மிலோ.

"இதுக்கு மேல வெட்டினா தண்ணி. மீன் பிடிக்கவா போறே?"

"கர்னலைப் பாரு, போன வருஷ உயரம் அப்படியே இருக்காரு."

"அவரு எழுதுறது பூராவும் உத்தரவு. அதுக்கு யாருடா வளருவான்?"

கடிதங்களை நிறுத்தும்படி ஆன்ஸெல்ம் கேப்டனிடம் கெஞ்சினான். "பெத்தவளுக்கு யாருப்பா சொல்றது? அச்சடிச்ச சீட்டா?" என்றார் அவர். குனிந்து நடக்கச் சொன்னதற்கு, மூன்று நாள் குனிந்து முதுகு போய்விட்டது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எறிகுண்டுகளில் பத்தொன்பது பேர் இறந்தனர், மிலோவும் ஒருவன். பத்தொன்பது கோதுமைமணிகள் மூன்று விரற்கடை. கேப்டன் பேனாவைத் தேடியபோது அது ஆன்ஸெல்மிடம் இருந்தது. அவன் எழுத்துக்கூட்டி, மிலோவின் தாய்க்கு ஒன்பது வரி எழுத மதியம்வரை ஆயிற்று. மறுநாள் அவன் கால்சட்டை ஒரு கோதுமைமணி குட்டையாயிருந்தது. யாரும் வியக்கவில்லை, பேனாவைக் கேட்டு வரிசையில் நின்றார்கள்.

இறுதியில் தீர்மானமானது இது: இறந்தவனுக்கு அருகில் படுத்திருந்தவனே அவன் வீட்டுக்கு எழுதவேண்டும், கேப்டன் கையெழுத்து மட்டும் இடவேண்டும். கையெழுத்தால் உயரம் கூடுவதில்லை என்று அளந்து பார்த்துக்கொண்டார்கள். கேப்டன் மிலோ வீட்டுக்கான கடிதத்தையாவது தாமே எழுதத் தரும்படி கேட்டார். அது தபாலில் போய்விட்டது என்று பதில் கூறப்பட்டது. அன்றுமுதல் நான்காம் கம்பெனியில் எல்லோரும் சற்றே குனிந்து நடந்தார்கள்.