கோடு திரும்பினால்

“காப்புக் கட்டுறதுக்குள்ள ஊர் எல்லைக்குள்ள இருக்கணும், இசை. இல்லைன்னா ஒங்கண்ணன் எங்கிட்டத்தான் குதிப்பாரு.”

விராலிமலை நெடுஞ்சாலையோர டீக்கடையில் ஸ்கூட்டியை நிறுத்தியபடி சொன்னாள் சிவரஞ்சனி, இசைவாணியின் அண்ணி. திருவிழாவுக்கு வந்திருந்த ஊரில் போன் பேசலாம், நெட் எடுக்காது. அதற்குத்தான் இந்த ஓட்டம்.

“ஒரு ஃபைல் எறங்கணும் அண்ணி. எறங்குனதும் போயிருவோம்.”

லேப்டாப்பை பெஞ்சில் வைத்துத் திறந்தாள். திரையில் ஒரு குவாசர்: கருந்துளையைச் சுற்றி எரியும், எங்கோ தொலைவிலுள்ள விண்மீன் மண்டலத்தின் மையம். அதிலிருந்து ஒரு தாரை பீறிட்டு ஓடுவது ரேடியோ படத்தில் தெளிவாகத் தெரிந்தது. எக்ஸ்ரே படத்திலும் அதே திசையில் ஒரு கோடு. அந்தக் கோட்டை நம்பித்தான் அவளுடைய ஆராய்ச்சி முழுவதும் நின்றது. கட்டுரை இன்றைக்கே போயாக வேண்டும்.

காலையில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் குணசேகரன் போனில் கேட்டிருந்தார். “ஏம்மா, அது தாரைதானா? பொருள் ரொம்பப் பிரகாசமா இருந்தா எக்ஸ்ரே கேமராவே ஒரு கோடு இழுத்துருமே!”

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. தொலைநோக்கி வேறு கோணத்தில் திரும்பியிருந்தபோது எடுத்த பழைய எக்ஸ்ரே பதிவு ஒன்று இருந்தது. கேமரா இழுத்த கோடென்றால் அதில் திசை மாறியிருக்கும், தாரையென்றால் அசையாது. மங்கலாக இருக்கும் என்று அதை அவள் இதுவரை ஒதுக்கியே வைத்திருந்தாள்; இப்போது அதுதான் இறங்கிக்கொண்டிருந்தது.

“கோடு திரும்பிருந்தா?” வழியெல்லாம் இந்தக் கதையைக் கேட்டு வந்த அண்ணி விசாரித்தாள்.

“கட்டுரை போச்சு அண்ணி.”

“பாக்காமலே அனுப்பிரு. அம்புட்டுத் தூரம் போயி யாரு பாக்கப் போறா?”

அந்த யோசனை காலையிலேயே இசைவாணிக்கும் வந்திருந்தது.

“அண்ணன் வெரதம் இல்லாம பூக்குழி எறங்குவாரா?”

“அடி ஆத்தி! காலு வெந்துரும்.”

“எனக்கும் வெந்துரும்.”

அண்ணியின் போன் அலறியது. அண்ணன்தான். “எங்கடி இருக்கீங்க? கொட்டு கெளம்பிருச்சு!”

“பாதி வழி வந்துட்டோம்ங்க,” என்று கூசாமல் சொல்லிவிட்டு வைத்தாள். “எறங்குச்சா இல்லையா?”

இறங்கிவிட்டது. இசைவாணி பழைய பதிவை ரேடியோ படத்தின்மேல் பொருத்தினாள். கோடு குறுக்கே திரும்பிக் கிடந்தது. மூடப் போனவள், தாரையின் நுனியைப் பெரிதாக்கினாள். புதிய எக்ஸ்ரே படத்தையும் பக்கத்தில் வைத்தாள். மறுபடி பார்த்தாள். பிறகுதான் போனை எடுத்தாள்.

“சார், கோடு திரும்பிருச்சு. கேமரா இழுத்ததுதான்.”

“அப்ப ஒண்ணுமே இல்லையா?”

“நுனியில ஒரு முடிச்சு மட்டும் ரெண்டு எக்ஸ்ரேலயும் நகராம நிக்குது சார். ரேடியோலயும் அதே எடம். ரொம்ப மங்கல். அத மட்டும் வச்சுப் புதுசாத்தான் எழுதணும்.”

“இன்னைக்கு அனுப்ப முடியாது, இல்ல?”

“முடியாது சார்.”

அண்ணி வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தாள். “ஏறு, ஏறு! என்னதான் மிஞ்சுச்சு?”

“ஒரு பொட்டு.”

“அதுக்கா இம்புட்டு நேரம்?” ஸ்கூட்டி சீறியது. “கெட்டியாப் புடிச்சுக்க.”

இசைவாணி லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.