வாயசைத்த குற்றம்

மார்ச் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு, நிரலாக்கச் சான்றிதழுக்காக ஒரு பெண்மணி வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டிருந்த தேர்வு பாதியில் நிறுத்தப்பட்டது. அவர் காப்பியடிக்கவில்லை, யாரிடமும் விடை கேட்கவில்லை. வாயசைத்தார். அதுதான் குற்றம்.

அவர் இருபத்தாறு ஆண்டுகளாக ஓர் அச்சகத்தில் மெய்ப்பு பார்ப்பவர். ஒரு காற்புள்ளியும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்பதால் அங்கே அவருக்குக் ‘கமா அக்கா’ என்று பெயர். ஒவ்வொரு குறியையும் உதட்டால் தொட்டுத் தொட்டுப் படிப்பதே அவர் வழக்கம். நிரலையும் அப்படித்தான் படித்தார்: “அடைப்பு திற, அடைப்பு மூடு, அரைப்புள்ளி.” மடிக்கணினியின் கேமரா வழியே எங்கிருந்தோ பார்த்த கண்காணிப்பாளர், அறைக்குள் ஆள் ஒளிந்திருப்பதாக முடிவுகட்டிவிட்டார்.

அச்சகம் மெய்ப்புப் பிரிவை மூடப்போகிறது. சான்றிதழ் இருந்தால் கணினிப் பிரிவில் இடம். இல்லையென்றால் மாத முடிவோடு வேலை போய்விடும். மறுதேர்வு ஒரே ஒரு முறை, பத்து நாள் கழித்து.

“பாடம் தெரியாமத் தோத்திருந்தாக்கூட மனசு ஆறும். உதடு ஆடினதுக்குத் தோல்வியா?” என்று குமுறினார் கமா அக்கா.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த உதட்டை நிறுத்த நானும் பாக்கறேன். பத்து நாள்ல ஆகற காரியமா?” என்றார் கணவர். அவர் தையற்காரர், குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசக் கற்றவர். திடீரென்று ஊசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “ஏம்மா, தண்ணி குடிக்கலாம்னு விதியில இருக்கா?”

“கண்ணாடி டம்ளர்ல வெச்சுக்கலாம்.”

“அப்பக் குடிக்காதே. வாயிலேயே வெச்சுக்க.”

பக்கத்திலிருந்த நாத்தனார் கைதட்டினார். “அண்ணி, பரீட்சை முடிஞ்சப்புறமும் இதையே தொடருங்க. வீடு நிம்மதியா இருக்கும்!”

கமா அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. முதல் வாய்த் தண்ணீர் முழுவதும், வெட்டிவைத்திருந்த சட்டைத் துணிமேல் விழுந்தது.

உதடு அடங்கியது, அடைப்புக்குறிகளின் கணக்கு தவறியது. மாதிரித் தேர்வில் ஐம்பத்திரண்டுதான் வந்தது. தேறுவதற்கு எழுபது வேண்டும். நான்காம் நாள் சாப்பாட்டு மேசை காலியாக இல்லாததால், தலையை உள்ளே மடக்கிய தையல் இயந்திரத்தின் மேல் கணினியை வைத்துப் படித்தார். மூன்றாம் பக்கம் வந்தபோது பாதங்கள் தாமாகவே மிதிபலகையைத் தட்டத் தொடங்கியிருந்தன. திறக்கும் அடைப்புக்கு வலக்கால்; மூடும் அடைப்புக்கு இடக்கால். உதடு விட்ட வேலையைக் கால் எடுத்துக்கொண்டது. அன்று எழுபத்தொன்பது.

மறுதேர்வு நாள். தையல் இயந்திரமே தேர்வு மேசை; வார் கழற்றிய மிதிபலகை ஓசையின்றி ஆடியது. அரைமணியில் கண்காணிப்பாளரிடமிருந்து திரையில் ஒரு செய்தி வந்தது: “உங்கள் கன்னம் ஏன் உப்பியிருக்கிறது.”

கமா அக்கா தட்டச்சினார்: “தண்ணீர். நான்காம் விதி அனுமதிக்கிறது. தங்கள் வாக்கியத்தின் இறுதியில் கேள்விக்குறி வேண்டும்.”

அனுப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

கடைசிக் கேள்வி: நாற்பது வரி நிரல் ஓட மறுக்கிறது, பிழை எங்கே? மணித்துளிகள் மூன்றே மிச்சம். கண் வரிகளில் இறங்க இறங்கக் கால்கள் தட்டின. முடிவில் வலக்கால் ஒன்பது, இடக்கால் எட்டு. மீண்டும் மேலிருந்து வந்தார். முப்பத்தோராம் வரியில் வலக்கால் தட்டியதற்கு இடக்கால் பதில் சொல்லவே இல்லை. அந்த வரியைச் சுட்டினார்.

எண்பத்து நான்கு. தேர்ச்சி.

தண்ணீரை முழுங்கிவிட்டு அவர் போட்ட கூச்சலில், அடுத்த அறையில் கணவரின் கத்தரிக்கோல் கோணிக்கொண்டு போயிற்று.

“பாஸா?”

“சட்டையப் பாருங்க முதல்ல!”

“அது கெடக்கு. நீ இப்ப எவ்வளவு வேணும்னாலும் பேசு!”

வாசகரே, தேர்வு நடத்தும் பொறுப்பில் நீங்கள் இருந்தால், வாயசைப்பைக் குற்றமாக்கும் விதியை இன்றே அடித்துவிடுங்கள். இல்லையென்றால், அப்பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அனுப்புமுன் அதை ஒருமுறை வாயசைத்துப் படியுங்கள்.